ஒளி எழுத்தாணி

தருமபுரி மாவட்டம் பழம்பெருமை வாய்ந்த நிலப்பகுதியாகும். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி என்னும் வள்ளல் வாழ்ந்த ஊர் அது. இம்மாவட்டத்தின் காட்டு வழிகளிலும் வயல் ஓரங்களிலும் நடுகற்கள் பல காணப்படுகின்றன. ஆநிரை மீட்கும் போரில் உயிர் துறந்த வீரர்களின் உருவமும் புகழும் அக்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில, தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் வைத்துக் காக்கப்படுகின்றன. வட்டெழுத்தில் அமைந்த அச்செய்திகள், நூற்றாண்டுகள் பல கடந்தும் அறிஞர்களால் படிக்கப்படுகின்றன.

கல்லில் எழுத்துப் பொறிப்பது எளிய செயலன்று. உளியை ஓங்கி அடித்தால் கல் தெறிக்கும். மெல்லத் தட்டினால் எழுத்துப் பதியாது. எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கும் இத்தொல்லை இருந்தது. கை அழுந்தினால் ஓலை கிழியும். கை தளர்ந்தால் கீறல் மங்கும். முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை ஒரே அழுத்தம் வேண்டும். அந்த ஒருமைப்பாடே பொறிப்புக் கலையின் உயிர் எனலாம்.

இக்காலத்தில் எழுத்துப் பொறிக்கப் புதியதோர் எழுத்தாணி தோன்றியுள்ளது. அதற்குக் கூர்முனை இல்லை; அது பலகையைத் தொடுவதும் இல்லை. அது ஒளியால் ஆகிய எழுத்தாணி. அதனை லேசர் என்பர். சீரொளி என்று தமிழில் கூறுவதும் உண்டு.

தூண்டுதலால் ஒளியை உமிழச் செய்ய முடியும் என்னும் கருத்தை 1917 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வெளியிட்டார். ஆயினும் அக்கருத்து ஒரு கருவியாக உருப்பெற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1960 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள், அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் செம்மணிப் படிகம் ஒன்றைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1964 ஆம் ஆண்டில் கரியமில வாயுவால் இயங்கும் லேசரைப் பற்றிய செய்தியைக் குமார் பட்டேல் வெளியிட்டார். அவர் மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்தவர். மரத்தையும் தோலையும் கண்ணாடியையும் பொறிக்கும் தொழிற்கூடங்களில் அவர் கண்ட லேசர் இன்றும் பயன்படுகிறது. பின்னர், 1990 ஆம் ஆண்டுகளில், நீலநிற ஒளியை உமிழும் சிறிய டையோடு லேசர்கள் ஜப்பானில் உருவாயின. கடுகளவு பெருமையுள்ள ஒரு படிகத்திலிருந்து மரத்தைச் சுடும் ஒளி பிறக்கலாயிற்று. அதனால், பெரிய தொழிற்சாலைகளில் மட்டும் இருந்த கருவி, சிற்றூர் இல்லத்தின் மேசைக்கும் வந்து சேர்ந்தது.

இக்கருவியின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. நான்கு கால்களின் மேல் ஒரு சதுரச் சட்டம் இருக்கும். அச்சட்டத்தின் மேல் லேசர் முகப்பு இடமும் வலமுமாக ஓடும். முன்னும் பின்னுமாகவும் நகரும். பற்களையுடைய பெல்ட்டுகளும் சிறிய மோட்டார்களும் அதனை இழுத்துச் செல்லும். கணிப்பொறி அனுப்பும் ஆணைப்படி ஒளி தோன்றியும் மறைந்தும் பலகையைச் சுட்டுக்கொண்டே போகும். உழவன் ஒரு சாலின் முடிவில் ஏரைத் திருப்பி மறு சால் ஓட்டுவது போல, ஒளியும் வரிவரியாகச் சென்று எழுத்தை உழுது முடிக்கும்.

இத்தகைய கருவியை வைத்துப் பிழைக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரில் அவன் வாழ்கின்றான் என்று கொள்வோம். அவனுடைய கருவி 5 வாட் ஆற்றலுள்ள நீல லேசர். பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவிற்காக 40 மரக் கேடயங்கள் செய்து தரும் வேலை அவனுக்குக் கிடைக்கின்றது. கேடயங்களைத் தர இன்னும் ஆறு நாள்களே உள்ளன. கடன் பெற்ற பணத்தில் 46 பலகைகளை வாங்கி வைத்திருக்கின்றான். இவ்வேலை நன்கு முடிந்தால் கடன் தீரும். மேலும் வேலை வரும். கெட்டுப்போனால் பொருளும் போகும், பெயரும் போகும்.

முதல் பலகையில் எழுத்துக்கள் அழகாக அமைந்தன. மூன்றாம் பலகையில் வலப்பக்க எழுத்துக்கள் மங்கின. அடுத்த பலகையில் எழுத்தின் ஓரங்கள் மட்டும் கரிந்து கறுத்தன. மாலை நேரம் வந்தபோது எல்லா எழுத்துக்களுமே வெளிறின. இளைஞன் ஆற்றலைக் கூட்டினான். சில இடங்கள் தீய்ந்தன. வேகத்தைக் கூட்டினான், மற்றச் சில இடங்கள் மறைந்தே போயின. ஒரு முறை ஆற்றலை மாற்றினான். மறு முறை வேகத்தை மாற்றினான். சினம் மிகுந்தபோது இரண்டையும் ஒருங்கே மாற்றினான். பன்னிரண்டு பலகைகள் முடிவதற்குள் ஐந்து கெட்டன. எஞ்சிய நல்ல பலகைகளோடு சுடாதவற்றையும் சேர்த்து எண்ணினால் 41 இருந்தன. இனி ஒன்றுக்கு மேல் கெட்டால் வேலை முடியாது.

“மரக்கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார். நல்ல பலகைகளோடு மட்டமான பலகைகளையும் கலந்து தந்திருக்கின்றார்” என்று அவன் முடிவு செய்தான். கெட்ட பலகைகளைத் தூக்கிக்கொண்டு கடையை நோக்கி விரைந்தான். கடைத் திண்ணையில் முதிய தச்சர் ஒருவர் அமர்ந்திருந்தார். கடைக்காரர் உள்ளிருந்து வருவதற்குள், இளைஞனின் முகத்தைக் கண்ட தச்சர் செய்தியைக் கேட்டறிந்தார். பலகைகளை வாங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, உன் கருவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கின்றேன். இழைப்புளி ஒரு பக்கம் மட்டும் சரியாகச் சீவவில்லை என்றால், நாங்கள் பலகையை முன்பின்னாகத் திருப்பி வைத்துச் சீவிப் பார்ப்போம். குறை பலகையோடு திரும்புகின்றதா, இருந்த இடத்திலேயே நிற்கின்றதா என்று பார்ப்போம். நீ அப்படிப் பார்த்தாயா?” என்று வினவினார்.

“இல்லை, ஐயா” என்றான் இளைஞன்.

“அப்படியானால், குற்றவாளி யார் என்று தெரியாமலே தீர்ப்புச் சொல்ல வந்திருக்கின்றாய்” என்றார் தச்சர். இளைஞன் தலைகுனிந்தான். கடைக்காரரிடம் ஒன்றும் கூறாமல் வீடு திரும்பினான்.

தச்சர் கூறிய சோதனை மிகவும் எளியது. ஆனால் மிகவும் ஆழ்ந்தது. கெட்டுப்போன பலகை ஒன்றின் பின்புறத்தில் இளைஞன் ஒரே அளவுள்ள சிறு கட்டங்களை நான்கு மூலைகளிலும் நடுவிலும் சுட்டான். வலப்பக்கக் கட்டங்கள் மங்கியிருந்தன. பின்னர்ப் பலகையை அரை வட்டம் திருப்பி வைத்து, அக்கட்டங்களுக்கு அருகிலேயே மீண்டும் சுட்டான். முன்பு மங்கியிருந்த பலகைப் பகுதி இப்போது இடப்பக்கம் வந்திருந்தது. அங்கே புதிய கட்டம் நன்றாகவே பதிந்தது. முன்பு நன்றாகச் சுட்ட பகுதி வலப்பக்கம் சென்றிருந்தது; அங்கே புதிய கட்டம் மங்கியது. குறை பலகையோடு திரும்பவில்லை. கருவியின் வலப்பக்கத்திலேயே நின்றது. எனவே, அக்குறைக்குக் காரணம் மரமன்று; கருவியே.

காரணத்தின் இருப்பிடம் தெரிந்த பின் காரணத்தைக் காண்பது எளிதாயிற்று. லேசர் முகப்பிற்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை இளைஞன் அளந்தான். இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் இடைவெளி 2 மில்லிமீட்டர் மிகுந்திருந்தது. மேசையின் பலகை வலப்பக்கம் சற்றே தாழ்ந்து வளைந்திருந்ததை அதுவரை அவன் கவனிக்கவில்லை.

இரண்டு மில்லிமீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஒளிக்கு அது சிறிதன்று. உருப்பெருக்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்துத் தாளைச் சுடும் விளையாட்டைச் சிறுவர் அறிவர். கண்ணாடியைச் சரியான உயரத்தில் பிடித்தால் ஒளி ஒரு புள்ளியாகக் குவிந்து தாள் புகையும். சற்று உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் புள்ளி விரிந்து வட்டமாகும். தாள் சூடேறுமேயன்றிப் புகையாது. ஒளிப்புள்ளியின் விட்டம் இரு மடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால், ஓரிடத்தில் விழும் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். லேசரின் வில்லைக்கும் இவ்விதியே பொருந்தும். இளைஞன் மேசையின் மேல் சமமான கனத்த பலகை ஒன்றை இட்டான். அதன் மேல் கருவியை நிறுத்தி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் இடைவெளியை ஒன்றாக்கினான். வளைந்த பலகைகள் எழும்பாதபடி ஓரங்களை அழுத்திப் பிடிக்கவும் வழி செய்தான். வலப்பக்க மங்கல் மறைந்தது.

ஆயினும், மாலையில் எழுத்து வெளிறும் குறை நீங்கவில்லை. இக்குறை இடத்தைப் பொறுத்ததன்று, காலத்தைப் பொறுத்தது. ஆகவே, இதற்கு வேறு சோதனை வேண்டும். ஒரே ஆற்றல், ஒரே வேகம், ஒரே பலகை ஆகியவற்றை மாற்றாமல், அரை மணிக்கு ஒரு முறை ஒரே அளவுள்ள கட்டத்தை இளைஞன் சுட்டு வந்தான். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் நேரத்தைக் குறித்தான். கட்டங்கள் படிப்படியாக வெளிறிச் சென்றன.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று வெப்பம், மற்றொன்று அழுக்கு. டையோடு லேசர் சூடேறினால், அதே மின்னோட்டத்தில் அது தரும் ஒளி குறையும். அதனால்தான் அதன் முதுகில் அலுமினியத் தகடுகளும் சிறிய விசிறியும் பொருத்தப்படுகின்றன. கோடைக்காலத்தில், காற்றோட்டம் இல்லாத அறையில், தூசி அடைத்த விசிறியோடு இயங்கும் கருவி இளைப்புறுவது இயல்பே. அழுக்கின் செயல் வேறு. மரம் சுடும்போது எழும் புகையில் பிசினும் கரித்துகளும் கலந்திருக்கும். அவை வில்லையின் மேல் படலமாகப் படியும். படலம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். விழுங்கிய ஒளி வெப்பமாகி வில்லையையே கெடுத்துவிடவும் கூடும்.

இரண்டு காரணங்களும் ஒரே விளைவைத் தரும்போது அவற்றை எவ்வாறு பிரித்தறிவது? இரண்டையும் ஒருங்கே நீக்கினால் குறை தீரும். ஆனால் எது காரணம் என்பது விளங்காது. அடுத்த முறை குறை வந்தால் மீண்டும் இருளில் தடவ நேரும். எனவே இளைஞன் முதலில் வில்லையைத் தொடவில்லை. கருவியை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டான். பின்னர் ஒரு கட்டம் சுட்டான். நிறம் சிறிதே மீண்டது. அந்தச் சிறிய மீட்சி வெப்பத்தின் பங்கு. அதன் பின் மின்னிணைப்பைத் துண்டித்தான். மென்மையான பஞ்சில் சாராயக் கலவையைத் தொட்டு வில்லையை மெதுவாகத் துடைத்தான். பஞ்சு பழுப்பு நிறம் கொண்டது. அது உலர்ந்த பின் சுட்ட கட்டம், காலைக் கட்டத்தைப் போலவே கருமையாக அமைந்தது. பெரும்பங்கு அழுக்கினுடையது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

அவன் விசிறியின் தூசியைத் தட்டினான். சுடும் இடத்தில் காற்றை ஊதிப் புகையை ஒதுக்கும் சிறு குழாய் ஒன்றையும் பொருத்தினான். அக்காற்று புகை வில்லைக்கு ஏறாமல் தடுத்தது. எழுத்தைச் சுற்றிப் படியும் பழுப்புக் கறையையும் குறைத்தது. ஐந்து பலகை முடிந்ததும் வில்லையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் வகுத்துக்கொண்டான்.

மூன்றாவது குறை, எழுத்தின் ஓரங்கள் கரிவது. இது எந்த மூலையிலும் தோன்றியது. எந்த நேரத்திலும் தோன்றியது. ஆனால் கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மட்டுமே தோன்றியது. இதனை அறியச் சிறு கணக்கு ஒன்று உதவும். 5 வாட் லேசர் ஒரு நொடியில் 5 ஜூல் ஆற்றலைத் தருகின்றது. முகப்பு ஒரு நிமிடத்தில் 3,000 மில்லிமீட்டர் ஓடினால், ஒரு நொடிக்கு 50 மில்லிமீட்டர் ஓடும். ஐந்தை ஐம்பதால் வகுத்தால், ஒரு மில்லிமீட்டர்க் கோட்டிற்குக் கிடைப்பது 0.1 ஜூல். வேகம் பாதியானால் அதே இடத்திற்கு 0.2 ஜூல் கிடைக்கும். மரம் கறுப்பது ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. ஆற்றலை வேகத்தால் வகுத்த பங்கைப் பொறுத்தது.

ஓடும் பொருள் எதுவும் நினைத்தவுடன் நிற்க முடியாது. நின்ற பொருள் நினைத்தவுடன் முழு வேகம் பெறவும் முடியாது. வண்டிக்காரர் திருப்பத்திற்கு முன்பே மாடுகளை இழுத்துப் பிடிப்பார். லேசர் முகப்பும் வரியின் முடிவில் வேகம் தளர்ந்து, திரும்பி, மீண்டும் வேகம் பெறுகின்றது. அவ்விடங்களில் ஒளி மட்டும் குறையாமல் விழுமாயின், ஓரம் கரியும் என்பதில் ஐயமில்லை.

இதற்கு இரு வழிகள் உண்டு. முகப்பு எழுத்தின் எல்லையைக் கடந்து சற்றுத் தூரம் ஒளியின்றி ஓடித் திரும்புமாறு ஆணையிடுவது ஒரு வழி. அப்போது வேகத்தளர்ச்சி எழுத்திற்கு வெளியே நிகழும். வேகம் குறையும்போது ஒளியும் அதே விகிதத்தில் குறையுமாறு அமைப்பது மற்றொரு வழி. இத்தகைய கருவிகள் பலவற்றில் எம்3 என்னும் ஆணை மாறாத ஒளியையும், எம்4 என்னும் ஆணை வேகத்திற்கேற்ப மாறும் ஒளியையும் தருகின்றன. இளைஞன் ஒரே சொல்லை இரு வகையிலும் சுட்டு ஒப்பிட்டான். எம்4 ஆணையில் சுட்ட சொல்லின் ஓரங்கள் தெளிவாக இருந்தன.

இவ்வாறு கருவியின் குறைகள் மூன்றும் தீர்ந்தன. ஆயினும், கெட்ட பலகைகளுள் ஒன்று மட்டும் இன்னும் இணங்கவில்லை. அதன் பின்புறத்தில் சுட்டபோது ஓரத்தில் ஒரு திட்டு மங்கியது. பலகையைத் திருப்பி வைத்தான். திட்டும் அதனோடு திரும்பியது. இம்முறை குறை மரத்தில்தான் இருந்தது.

மரமும் ஒரே தன்மையுடைய பொருளன்று. அதில் கடினமான வளையமும் மென்மையான வளையமும் மாறி மாறி வரும். ஒட்டுப்பலகையாயின் உள்ளே பசை திரண்ட இடங்கள் இருக்கும். இவை சுடும் நிறத்தை மாற்றும். எல்லாவற்றினும் மிகுதியாக மாற்றுவது ஈரம். மரம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசு வெப்பநிலையை நெருங்கும்போதே நன்கு கரியத் தொடங்கும். உள்ளே நீர் இருந்தால், முதலில் அந்நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,260 ஜூல் ஆற்றல் செலவாகும். ஒளியின் ஆற்றலை நீர் கவர்ந்துகொண்டால் மரத்திற்கு எஞ்சுவது குறைவே.

“கடைக்காரர் ஈரப் பலகையைத் தந்துவிட்டார்” என்று எண்ணம் மீண்டும் எழுந்தது. ஆனால் இப்போது இளைஞன் எண்ணத்தை நம்பாமல் சோதனையை நம்பக் கற்றிருந்தான். அப்பலகை அடுக்கின் அடியில் இருந்தது என்பது நினைவிற்கு வந்தது. அடுக்கு இருந்த இடத்தைச் சென்று பார்த்தான். வீட்டு மூலையில், தண்ணீர்க் குடத்தின் அருகில், வெறுந்தரையில் அவன் அடுக்கி வைத்திருந்தான். தரை ஈரமாக இருந்தது. அடியில் எஞ்சியிருந்த இரண்டு பலகைகளைத் தராசில் நிறுத்தான். மற்றவற்றைவிட அவை எடை மிகுந்திருந்தன. குற்றம் கடைக்காரருடையதன்று, பலகைகளை ஈரத் தரையில் அடுக்கிய கைகளுடையது.

எஞ்சிய 41 பலகைகளுள் 39 உலர்ந்தவை, இரண்டு ஈரமானவை. நாற்பது கேடயங்களுக்கு அவ்விரண்டில் ஒன்றேனும் தேறியாக வேண்டும். அவன் அவற்றை வெயிலில் போட விரும்பவில்லை. வெயிலில் விரைந்து காய்ந்தால் பலகை கோணிப்போகும். காற்றோட்டமுள்ள நிழலில், குச்சிகளின் மேல் கிடத்தி, மேலே சமமான பாரம் ஏற்றி வைத்தான். நாள்தோறும் நிறுத்து எடையை எழுதினான். எடை நாளுக்கு நாள் குறைந்தது. ஆறாம் நாள் காலையில் எடை அதற்கு மேல் குறையாமல் நின்றது. அன்று நாற்பதாவது கேடயம் அப்பலகையிலேயே தெளிவாக அமைந்தது. அனுப்புவதற்கு முன் நாற்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். எது முதலில் சுட்டது, எது கடைசியில் சுட்டது என்று அவனாலேயே கூற முடியவில்லை.

அன்று மாலை மரக்கடைக்குச் சென்றபோது, நடந்தவற்றையெல்லாம் அவன் ஒளிக்காமல் கூறினான். “ஐயா, அன்று நான் தங்களைக் குறை கூற வந்தேன். இந்தப் பெரியவர் தடுத்திராவிட்டால் கூறியும் இருப்பேன். மன்னிக்க வேண்டும்” என்றான். கடைக்காரர் நகைத்து, “குறையை என் கடையில் தேடாமல் உன் மேசையில் தேடினாயே, தம்பி, அதுவே போதும்” என்றார். தச்சர், “அடுத்த முறை பலகையைச் சட்டத்தின் மேல் அடுக்கி வை” என்று மட்டும் கூறினார்.

இவ்விளைஞன் செய்ததில் வியத்தகு கல்வி ஏதுமில்லை. குறை எங்கே தோன்றுகின்றது, எப்போது தோன்றுகின்றது, எதனோடு சேர்ந்து நகர்கின்றது என்று அவன் கேட்டான். ஓரிடத்தில் மட்டும் தோன்றினால் சமமின்மையை ஆராயலாம். நேரம் செல்லச் செல்ல வளர்ந்தால் அழுக்கையும் வெப்பத்தையும் ஆராயலாம். கோட்டின் முனைகளில் தோன்றினால் வேகத்தை ஆராயலாம். பலகையோடு நகர்ந்தால் மரத்தை ஆராயலாம். வட்டம் வட்டமாக மூடாமல் விலகினால் பெல்ட்டின் தளர்ச்சியையும் கப்பியின் திருகையும் பார்க்கலாம். எவ்வொழுங்கும் இன்றித் திடீரென ஒளி விட்டு விட்டு வந்தால், ஓயாமல் வளைந்து நிமிரும் மின்கம்பியையும் அதன் இணைப்பையும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை ஏட்டில் எழுத வேண்டும். இதுவே முறை.

இங்கு மறவாமல் கூறத்தக்க எச்சரிக்கைகளும் உள. லேசர் ஒளி நேரே பட்டாலும், பளபளப்பான பொருளில் பட்டுத் தெறித்தாலும், கண்ணின் பார்வையை நொடியில் பறித்துவிடும். இழந்த பார்வை மீளாது. அவ்வலைநீளத்திற்கென்றே செய்யப்பட்ட காப்புக் கண்ணாடியை அணியாமல் கருவியின் அருகில் நிற்கலாகாது. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் பயன்படாது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கைச் சுடலாகாது. அதிலிருந்து எழும் அமில ஆவி நுரையீரலையும் கருவியையும் அரிக்கும். புகை வெளியேற வழி இருக்க வேண்டும். கருவி இயங்கும்போது அதனைத் தனியே விட்டுச் செல்லலாகாது. மரமும் நெருப்பும் அங்கே அருகருகே இருக்கின்றன அல்லவா?

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதனைத் தீர்க்கும் வழியையும் அறிந்து செயல்பட வேண்டும் என்று மருத்துவனுக்கு அறிவுறுத்தினார் திருவள்ளுவர். அவ்வறிவுரை உடலுக்கு மட்டும் உரியதன்று. பழுதுற்ற கருவிக்கும் பொருந்தும். மனிதரிடையே எழும் பூசலுக்கும் பொருந்தும். காரணத்தைக் காணுமுன் பழி சுமத்துவது எளிது. பலகையை ஒரு முறை திருப்பி வைத்துப் பார்ப்பதும் எளிதே. முன்னது நட்பைக் கெடுக்கும். பின்னது உண்மையைக் காட்டும்.

நடுகல்லில் எழுத்துப் பொறித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இன்று தெரியவில்லை. ஆயினும் அவர்கள் கையின் ஒருமைப்பாடு இன்றும் கல்லில் நிற்கின்றது. உளி மாறி ஒளி வந்த பின்னும், நல்ல எழுத்திற்கு வேண்டிய பொறுமையும் கவனமும் மாறவில்லை.